மாத்திரை விலையை டாக்டரிடம் பேசுவது எப்படி? மாதாமாதம் மருந்து வாங்கும் வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

அம்மாவுக்குச் சர்க்கரை வந்து பதினோரு வருடமாகிறது. கூடவே பிரஷர், கொலஸ்ட்ரால். 2025 மே மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி) 9.2 வந்தது. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். இருந்த மாத்திரைகளோடு இன்னொன்றைச் சேர்த்து எழுதினார். அன்று மருந்துக் கடையில் ஒரு மாதத்துக்கான பில் 4,340 ரூபாய்.

வீட்டுக்கு வந்து மருந்து டப்பாவை ஒழுங்குபடுத்தும்போதுதான் கவனித்தேன். போன மாதம் வாங்கிய முப்பது மாத்திரைகளில் ஒரு வகை மட்டும் பதினான்கு மீதி இருந்தது. கேட்டால், "அது ஒண்ணு அறுபது ரூபாடி. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டா என்ன ஆயிடப் போகுது?" என்றாள்.

அதாவது, சர்க்கரை குறையவில்லை என்று டாக்டர் மருந்தைக் கூட்டியிருக்கிறார். ஆனால் எழுதியிருந்த மருந்தில் பாதி அம்மாவின் உடம்புக்குள் போகவே இல்லை. இதை அவரிடம் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்தான். சொல்லக் கூச்சம். "காசு இல்லைன்னு நினைச்சுப்பாரோ", "மட்டமான மருந்தை எழுதிடுவாரோ" என்ற பயம். அந்தக் கூச்சத்தின் விலை எங்களுக்கு ஏறக்குறைய ஒரு வருட மருந்துச் செலவும், அந்த 9.2ம். உங்கள் வீட்டில் அப்படி நடக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒரு விஷயம். மருந்துக் கடைக்காரரிடம் "இதே மருந்து விலை கம்மியா இருக்கா?" என்று கேட்டுப் பயனில்லை. சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் பெரும்பாலும் ஷெட்யூல் எச் மருந்துகள், அதாவது டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்க வேண்டியவை. சீட்டில் ஒரு கம்பெனி பெயர் எழுதியிருந்தால், அதே மருந்து அடங்கிய வேறு கம்பெனி மாத்திரையைக் கூட அதற்குப் பதிலாகக் கடைக்காரர் கொடுக்கக் கூடாது என்பது மருந்துச் சட்ட விதி 65 சொல்வது. பல கடைகளில் மாற்றிக் கொடுக்கிறார்கள், அது வேறு கதை. முறைப்படி மாற்றி எழுத முடிந்தவர் டாக்டர் ஒருவர்தான். ஆகவே பேச்சு அவர் அறையிலேயே நடக்க வேண்டும்.

1. போவதற்கு ஒரு வாரம் முன்பு: வீட்டுக் கணக்கு

ஒரு தாளில் எல்லா மாத்திரைகளையும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு விவரம் வேண்டும்: மருந்தின் மூலப்பெயர் (கம்பெனி வைத்த பெயர் அல்ல, உள்ளே இருக்கும் மருந்தின் பெயர்), எத்தனை மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை, ஒரு மாத்திரையின் விலை.

மூலப்பெயரைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. ஒன்றோ இரண்டோ மருந்து உள்ள மாத்திரையின் அட்டையில், கம்பெனி வைத்த பெயரை விட மூலப்பெயர் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும் என்று 2018 செப்டம்பரிலிருந்து விதி இருக்கிறது. மூன்று அல்லது அதற்கு மேல் மருந்து கலந்த மாத்திரைகளுக்கும் வைட்டமின் கலவைகளுக்கும் அந்த விதி பொருந்தாது. அவற்றில் "ஒவ்வொரு மாத்திரையிலும் அடங்கியது" என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும் பகுதியைப் படியுங்கள். அதிகம் விற்கும் 300 மருந்துப் பெயர்களின் அட்டைகளில் 2023 ஆகஸ்ட் முதல் கியூஆர் கோடும் இருக்க வேண்டும். போனில் ஸ்கேன் செய்தால் மூலப்பெயர் தெரியும்.

பெயருக்குப் பின்னால் எஸ்ஆர், எக்ஸ்ஆர், ஈஆர் என்று எழுத்துகள் இருந்தால் அதையும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். மருந்து மெதுவாகக் கரையும் வகை என்று அர்த்தம். சாதா மாத்திரையும் அதுவும் ஒன்றல்ல. இந்த வகையைச் செலவு மிச்சம் என்று பெரிய அளவாக வாங்கி உடைத்துப் போடவும் கூடாது. மெதுவாக இறங்க வேண்டிய மருந்து மொத்தமாக இறங்கிவிடும்.

விலையை அட்டைக்கு எவ்வளவு என்று எழுதாதீர்கள். சில அட்டையில் 10 மாத்திரை, சிலவற்றில் 15, சிலவற்றில் 14, 7. நான் முதலில் அட்டை விலையைத்தான் ஒப்பிட்டேன், மலிவு என்று நினைத்த ஒன்று கணக்குப் போட்டபோது விலை கூடியதாக இருந்தது. எம்ஆர்பியை மாத்திரை எண்ணிக்கையால் வகுத்து, அதை மாதத்துக்குப் பெருக்குங்கள். இன்னொன்று: 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. அதற்கு முந்தைய பில் கையில் இருந்தால் அந்த விலையை எடுக்காதீர்கள்.

2. விட்டுப்போன மாத்திரைகளை எண்ணுங்கள்

இதைத் தனித் தலைப்பாக வைப்பதற்குக் காரணம் உண்டு. பெரியவர்கள் இதைத் தானாகச் சொல்ல மாட்டார்கள். "ஒழுங்கா போடுறீங்களா?" என்று கேட்டால் "ம்" என்றுதான் வரும். அட்டைகளை எண்ணுங்கள். வாங்கிய தேதி பில்லில் இருக்கும். இன்றைக்கு எத்தனை மீதி இருக்க வேண்டும், எத்தனை இருக்கிறது என்று பாருங்கள். எந்த மாத்திரை மட்டும் மீதி நிற்கிறதோ, அநேகமாக அதுதான் விலை கூடியது.

தயவுசெய்து திட்டாதீர்கள். அம்மா பணத்தை மிச்சம் பிடித்தது எங்களுக்காக. நான் அன்று கத்தியதை நினைத்தால் இன்றும் மனசு கஷ்டப்படுகிறது. எண்ணிக்கையை மட்டும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: "30ல் 14 போடவில்லை."

3. விலை ஒப்பிடுவதற்கு அரை மணி நேரம்

இரண்டு செயலிகள் போதும். இரண்டும் இலவசம். ஜன் ஔஷதி சுகம் என்பதில் மூலப்பெயரைத் தட்டினால் மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களில் அந்த மருந்து இருக்கிறதா, என்ன விலை, பக்கத்தில் கடை எங்கே என்று காட்டும். பார்மா சஹி தாம் என்பது தேசிய மருந்து விலை ஆணையத்துடையது. ஒரே மருந்து வெவ்வேறு கம்பெனியில் என்ன விலை, அரசு உச்சவிலை வைத்திருந்தால் அது எவ்வளவு என்று பார்க்கலாம்.

விலை எங்கே அதிகம் என்று பார்க்கும்போது, சர்க்கரை மருந்துகளில் காப்புரிமை (கண்டுபிடித்த கம்பெனி மட்டுமே விற்கும் உரிமை) முடிந்தவற்றைக் கட்டாயம் தேடுங்கள். வில்டாகிளிப்டின் 2019ல், டாபாகிளிஃப்ளோசின் 2020ல், சிட்டாகிளிப்டின் 2022ல், லினாகிளிப்டின் 2023ல், எம்பாகிளிஃப்ளோசின் 2025 மார்ச்சில் இந்தியாவில் காப்புரிமை முடிந்து, பல கம்பெனிகள் மிகக் குறைந்த விலையில் போட ஆரம்பித்தன. அம்மாவின் அறுபது ரூபாய் மாத்திரை இந்தக் கடைசி மருந்துதான். எழுதியபோது வேறு வழி இல்லை. காப்புரிமை முடிந்த பிறகும் பழைய சீட்டே ஒவ்வொரு முறையும் அப்படியே திரும்ப எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. டாக்டரும் கவனிக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இந்த அரை மணி நேரத்தின் முடிவில் நீங்களே எதையும் மாற்றக் கூடாது. தாளில் எழுதி வைத்துக்கொள்வதோடு சரி.

4. டாக்டரிடம் சொல்வது

கொண்டு போக வேண்டியவை: அந்தத் தாள், கடைசி மூன்று மாத பில்கள், இப்போதைய சீட்டு, கடைசி ரத்தப் பரிசோதனை, ஒவ்வொரு மாத்திரையிலும் ஒரு காலி அட்டை. அட்டை முக்கியம். கையெழுத்தை விட அட்டை தெளிவு.

எப்போது சொல்வது? அவர் சீட்டு எழுதுவதற்கு முன்பு. நாங்கள் பல தடவை எழுதி முடித்து, மணி அடித்து, அடுத்த டோக்கன் உள்ளே வந்த பிறகு கதவருகே நின்று "சார், கொஞ்சம் விலை..." என்று இழுத்திருக்கிறோம். அப்போது அவரால் "சரி, அடுத்த தடவை பார்க்கலாம்" என்பதைத் தவிர எதுவும் சொல்ல முடியாது. உட்கார்ந்ததும், உடம்புக்கு என்ன என்று அவர் கேட்கும்போதே சொல்லிவிடுங்கள். மாலை ஓபியில் கூட்டம் நெருக்கும் டாக்டர் என்றால் முதல் பத்து டோக்கனுக்குள் வருமாறு பதிவு செய்யுங்கள்.

"ரொம்ப காஸ்ட்லியா இருக்கு" என்று மட்டும் சொல்லாதீர்கள். அதை வைத்து அவர் எதையும் முடிவு செய்ய முடியாது. எண் சொல்லுங்கள். நான் சொன்னது ஏறக்குறைய இப்படி:

"டாக்டர், அம்மாவுக்கு மாசம் 4,340 ரூபா ஆகுது. எங்களால 2,000 வரைக்கும் மாசா மாசம் தவறாம வாங்க முடியும். இந்த ஒரு மாத்திரை விலைக்காக அம்மா ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் போட்டிருக்காங்க. முப்பதுல பதினாலு மிச்சம். அதனாலதான் சுகர் ஏறியிருக்குமோன்னு தோணுது."

அவர் அம்மாவைப் பார்த்து, "ஏம்மா இதை முன்னாடியே சொல்லல?" என்றார். கோபம் இல்லை. புதிதாகச் சேர்த்த மாத்திரையை முதல் வேலையாக அடித்தார்.

பிறகு கேட்க வேண்டிய கேள்விகள். எல்லாம் கேட்க நேரம் இருக்காது, உங்கள் வீட்டுக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

"இதுல எது ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாதது?" இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரை அந்த வகை. காசு போதாத மாதத்திலும் அதை விடக் கூடாது. எது அந்த மருந்து என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"இதுல எதை இனி நிறுத்தலாம்?" எங்கள் தாளில் இரண்டு இருந்தன. எப்போதோ வயிற்றெரிச்சலுக்கு எழுதிய கேஸ் மாத்திரை, மாதம் 330 ரூபாய். பத்துப் பன்னிரண்டு சத்து கலந்த நரம்பு மாத்திரை, மாதம் 620 ரூபாய். முதலாவதை நிறுத்தினார். இரண்டாவதற்குப் பதில் பி12 மட்டும் எழுதினார், மாதம் 90 ரூபாய். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையை வருடக்கணக்கில் எடுப்பவர்களுக்கு பி12 குறைய வாய்ப்பு உண்டு என்று விளக்கினார். எனவே சத்து மாத்திரைதானே என்று நீங்களே நிறுத்திவிடாதீர்கள்.

"இதே மருந்து வேற கம்பெனியில எழுத முடியுமா?" கம்பெனிப் பெயர் இல்லாமல் மூலப்பெயரிலேயே விற்கும் மருந்துகளில் நம்பிக்கை இல்லாத டாக்டர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு வாதம் செய்ய வேண்டாம். "உங்களுக்கு நம்பிக்கையான கம்பெனியிலேயே விலை குறைஞ்சது எது?" என்று கேளுங்கள். பெரும்பாலானவர்கள் இதற்கு ஒத்துக்கொள்வார்கள். எங்கள் அறுபது ரூபாய் மாத்திரை இப்படித்தான் பன்னிரண்டு ரூபாய் ஆனது.

"ரெண்டு மருந்து கலந்த மாத்திரையைப் பிரிச்சு எழுதினா குறையுமா?" சிலவற்றில் குறையும், சிலவற்றில் கூடும். பெரியவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் மாத்திரை எண்ணிக்கை கூடினால் குழப்பம் வரும் என்பதையும் யோசியுங்கள்.

சில மருந்துகளில் கம்பெனியை மாற்றச் சொல்லி நீங்கள் வற்புறுத்தாதீர்கள். வலிப்புக்கான ஃபெனிட்டாயின், தைராய்டு மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கும் வார்ஃபரின், சிறுநீரகம் மாற்றியவர்கள் எடுக்கும் டாக்ரோலிமஸ் போன்றவற்றில் சின்ன வித்தியாசமும் உடம்பில் தெரியும். மாற்றினால் மறுபடி ரத்தப் பரிசோதனை செய்து அளவு சரிபார்க்க வேண்டியிருக்கும்.

இன்சுலின் போடுபவர்கள் பேனாவிலிருந்து பாட்டிலுக்கு மாறினால் செலவு நன்றாகக் குறையலாம். டாக்டரிடம் கேட்கலாம். ஆனால் நம்மூரில் கிடைக்கும் பாட்டில்கள் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், பேனா 100 யூனிட். 40 யூனிட் பாட்டிலுக்கு அதற்குரிய சிவப்பு மூடி ஊசிதான் வேண்டும். ஆரஞ்சு மூடி ஊசி 100 யூனிட்டுக்கானது. மாற்றிப் போட்டால் அளவே தவறிவிடும். முதல் தடவை நர்ஸ் முன்னால் ஏற்றிக் காட்டிவிட்டு வாருங்கள்.

5. அறையை விட்டு எழுந்திருக்கும் முன்

சீட்டைக் கையில் வாங்கிப் படியுங்கள். மூலப்பெயரில் எழுதச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை. மருத்துவர்களுக்கான நடத்தை விதிகளிலேயே மூலப்பெயரில், தெளிவாக, முடிந்தால் பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும் என்று இருக்கிறது. எனக்கு உதவிய வாக்கியம்: "டாக்டர், மக்கள் மருந்தகத்துல வாங்கலாம்னு இருக்கோம், அங்க கேட்கிற மாதிரி மூலப்பெயரும் சேர்த்து எழுதித் தர முடியுமா?" சட்டம் பேசுவதை விட இது நன்றாக வேலை செய்கிறது.

சரிபார்க்க வேண்டியவை: பெயர், மில்லிகிராம், எஸ்ஆர் போன்ற எழுத்துகள், காலையா இரவா, எத்தனை நாளுக்கு, தேதி, கையெழுத்து, பதிவு எண். நிறுத்திய மாத்திரைகளையும் "நிறுத்தவும்" என்று எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் பழைய சீட்டைப் பார்த்து வீட்டில் யாராவது மறுபடி வாங்கி வந்துவிடுவார்கள்.

6. எங்கே வாங்குவது

ஆஸ்பத்திரிக்குள் இருக்கும் கடையிலேயே வாங்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. "இங்கதான் கிடைக்கும்" என்று சொன்னால், மூலப்பெயர் தெரிந்த உங்களுக்கு வெளியிலும் கிடைக்கும்.

மக்கள் மருந்தகம் தவிர, 2025 பிப்ரவரி 24ல் தமிழக அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகங்கள் இருக்கின்றன. தொடங்கும்போதே ஆயிரம் கடைகள். இரண்டிலும் சீட்டு வேண்டும், அதைத் தவிர வேறு அட்டையோ சான்றிதழோ கேட்பதில்லை. வருமான வரம்பும் இல்லை. இரண்டிலுமே உள்ள சிக்கல் இருப்பு. ஐந்து மருந்து கேட்டால் மூன்று கிடைக்கும். முன்கூட்டியே போன் செய்து, இல்லாததை வரவழைக்கச் சொல்லுங்கள். எங்கள் ஊர்க் கடையில் நான்கைந்து நாள் ஆகிறது. இல்லாத மருந்துக்குப் பதிலாக வேறு அளவைத் தந்து "ரெண்டா போட்டுக்கோங்க" என்றால் வாங்காதீர்கள்.

தனியார் கடையில் "20 சதவீதம் தள்ளுபடி" பலகை ஒரு பொறி. அறுபது ரூபாய் மாத்திரையில் 20 சதவீதம் போனால் 48. அதே மருந்து வேறு கம்பெனியில் 12 ரூபாய்க்கு இருக்கிறது. தள்ளுபடியைப் பார்க்காமல், மாத்திரைக்கு எவ்வளவு என்று பாருங்கள்.

பில் கட்டாயம் வாங்குங்கள், போனிலோ கார்டிலோ பணம் கட்டுங்கள். பழைய வரி முறையில் வருமான வரி கட்டுபவரின் பெற்றோருக்கு 60 வயது தாண்டி, மருத்துவக் காப்பீடும் இல்லையென்றால், அவர்களுக்குச் செய்யும் மருத்துவச் செலவில் வருடத்துக்கு 50,000 ரூபாய் வரை கழித்துக்கொள்ளலாம். ரொக்கமாகக் கொடுத்தது அந்தக் கணக்கில் வராது. எம்ஆர்பியை விடக் கூட வாங்கினால் விலை ஆணையத்தின் இலவச எண் 1800 111 255. அங்கேயும் பில்தான் கேட்பார்கள்.

7. மாற்றிய பிறகு மூன்று மாதம்

முதல் இரண்டு வாரம் வீட்டிலேயே பிரஷரும் சர்க்கரையும் பார்த்துத் தேதியோடு எழுதுங்கள். தலைசுற்றல், வியர்வை, படபடப்பு வந்தால் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். பாதி மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர் இப்போது முழு மருந்து எடுக்கிறார், சர்க்கரை தாழ்ந்துபோகலாம். அதனால்தான் விட்ட மாத்திரைகளை மறைக்காமல் சொல்லச் சொன்னேன்.

ஹெச்பிஏ1சி கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி என்பதால் மூன்று மாதம் கழித்து எடுங்கள். அம்மாவுக்கு 7.4 வந்தது. மாதச் செலவு 1,040 ரூபாய்.

8. அதுவும் முடியாதபோது

மாதம் ஆயிரமே பெரிய தொகை என்ற வீடுகள் நிறைய. அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ மருந்தைத் தொடரும் வகையில், அங்கே கிடைக்கும் மருந்துகளாக எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளும் இன்சுலினும் அங்கே இலவசம். முதல் நாள் ஓபி சீட்டு, பரிசோதனை, வரிசை என்று அரை நாள் போகும். பழைய சீட்டும் ரிப்போர்ட்டும் கொண்டு போனால் கொஞ்சம் குறையும். பதிவு செய்துவிட்டால், நடக்க முடியாதவர்களுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து மாத்திரை தருவார்கள். சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

மகனோ மகளோ மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கி, அதில் இஎஸ்ஐ (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) பிடித்தம் இருந்தால், அவர்களைச் சார்ந்திருக்கும் பெற்றோருக்கும் இஎஸ்ஐ மருந்தகத்தில் மருந்து உண்டு. பலருக்கு இது தெரியாமல் பிடித்தம் மட்டும் போய்க்கொண்டிருக்கிறது.

முதல்வர் காப்பீட்டு அட்டையை நம்பி மாத மாத்திரைக்குப் போகாதீர்கள். அது ஆஸ்பத்திரியில் சேர்ந்து செய்யும் சிகிச்சைக்கானது. தனியார் பாலிசியிலும் பொதுவாக அப்படித்தான், ஆனால் ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முன்னும் பின்னும் குறிப்பிட்ட நாட்களுக்கான மருந்துச் செலவைப் பல பாலிசிகள் தருகின்றன. டிஸ்சார்ஜ் ஆன பிறகு வாங்கும் மாத்திரைகளின் பில்லையும் சீட்டையும் தூக்கிப் போடாதீர்கள்.

எங்கே வாங்குவதாக இருந்தாலும், அட்டையில் பத்து மாத்திரை மீதி இருக்கும்போதே கிளம்புங்கள். கடைசி மாத்திரை தீர்ந்த இரவில் போனால், எதிரே திறந்திருக்கும் கடையில், இருக்கும் கம்பெனியை, சொல்லும் விலைக்குத்தான் வாங்க வேண்டியிருக்கும்.